விடிகாலையில் பெரிய மீன்கள் மட்டும் சாவது ஏன்?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் 6 அடி நீளம், 4 அடி அகலம், 2.5 அடி ஆழத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி இரண்டு வருடமாகக் கோய் மீன் வளர்க்கிறோம். மொத்தம் 12 மீன்கள். தண்ணீர் எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். நான்கு நாளாக மழை மூட்டம். தினமும் காலையில் ஒன்றிரண்டு செத்து மிதக்கின்றன, அதுவும் பெரிய மீன்களே. கடையில் நீல மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். நோய் என்று உறுதியாகாமல் மருந்து ஊற்றினால் ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். அப்போது ஒரு பிரச்சினை இரண்டாகிவிடும்.

காலையில் சாகின்றன, பெரியவை முதலில் போகின்றன, வானம் மூடியிருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆக்சிஜன் பற்றாக்குறையை. தண்ணீர் பச்சையாக இருப்பதற்குக் காரணம் பாசி. பகலில் அது ஆக்சிஜனை விடுகிறது. இரவில் மீனோடு போட்டி போட்டு எடுத்துக்கொள்கிறது. மூட்டமான நாளில் பகல் வரவு குறையும், இரவுச் செலவு குறையாது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் காற்றிலிருந்து கரைந்து நிற்கும் ஆக்சிஜனே சுமார் 7.5 மில்லிகிராம்தான். அது 3-க்குக் கீழே போனால் கோய் மூச்சுக்குத் திணறும். உடம்பு பெரிதானால் தேவையும் அதிகம். அதனால்தான் பெரியவை முந்திக்கொள்கின்றன.

நாளை காலை 5 மணிக்கு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தண்ணீர் விழும் மூலையில் குவிந்து நின்றால், சந்தேகம் உறுதி. வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல அடியில் நீந்தும். பலர் ஏமாறுவது இங்கேதான். இப்போதுதான் செத்த மீன் கிடைத்தால் அதையும் பாருங்கள். வாய் பிளந்து, செவுள் மூடி விரிந்திருந்தால் மூச்சு முட்டியே செத்திருக்கும். நகத்தால் செவுள் மூடியைத் தூக்குங்கள். செவுள் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். காப்பி நிறத்தில் இருந்தால் நைட்ரைட் விஷம், அதாவது மீன் கழிவு சிதையும்போது உண்டாகும் நச்சு. வெளுத்தோ, சாம்பல் திட்டுகளோடோ இருந்தால் அப்போது நோயைத் தேடலாம்.

இன்றே செய்ய வேண்டியது: இரண்டு காற்றுக்கல்லோடு ஏர் பம்ப் வைத்து இரவு முழுதும் ஓட விடுங்கள். மின்வெட்டு உள்ள இடமானால் பேட்டரி பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். தீனியை மூன்று நாள் நிறுத்துங்கள், கோய் தாங்கும். உங்கள் தொட்டி 60 கன அடி, அதாவது சுமார் 1,700 லிட்டர். அடி வண்டலில் மூன்றில் ஒரு பங்கைக் குழாய் வைத்து உறிஞ்சி, கால் பங்கு, சுமார் 425 லிட்டர் தண்ணீரை மாற்றுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீரானால் 100 லிட்டருக்கு 1 கிராம் சோடியம் தயோசல்ஃபேட் கலந்து குளோரினை எடுத்த பிறகே விடுங்கள். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் ஆக்சிஜனும் மிகக் குறைவு. ஷவர் தலையில் தெளித்து விடுங்கள். பாசியை மருந்து போட்டு ஒரேயடியாகக் கொல்லவே வேண்டாம். செத்த பாசி அழுகும்போது மிச்ச ஆக்சிஜனையும் குடித்துவிடும். நிழல் வலை கட்டுங்கள், அல்லி இலை பாதித் தொட்டியை மூடட்டும், மெல்லக் குறையும்.

விடிகாலையில் திணறல் இல்லாமல் மீன் சோர்ந்து சாகிறதென்றால் அடுத்து சந்தேகிக்க வேண்டியது மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. சொட்டு டெஸ்ட் கிட் கடையில் கிடைக்கும். அம்மோனியாவையும் பி.எச்.சையும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) சேர்த்துப் பாருங்கள், அதுவும் பிற்பகல் 3 மணிக்கு. பி.எச். 7-ல் மொத்த அம்மோனியாவில் விஷ வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை; 8-ல் ஆறேழு பங்கு; 9-ல் நாற்பது பங்கு. பச்சைத் தண்ணீரின் பி.எச். பிற்பகலில்தான் ஏறும். காலையில் மட்டும் சோதிக்கிறவருக்கு இந்த ஆபத்து கண்ணில் படாது. நைட்ரைட் காட்டினால் தண்ணீர் மாற்றுவதோடு லிட்டருக்கு 1 கிராம், உங்கள் தொட்டிக்கு 1.7 கிலோ கல் உப்பு கரைத்து விடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

ஒரே நாளில் பெரிசு சிறிசு எல்லாம் செத்தால் கதை வேறு: கொசுப் புகை, செடிக்கு அடித்த பூச்சிமருந்து, புதிதாகப் பெயிண்ட் அடித்த மொட்டைமாடியிலிருந்து வடிந்த மழை நீர். கொசு மருந்திலும் பூச்சிமருந்திலும் பரவலாக உள்ள பைரெத்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். 1,700 லிட்டருக்கு 12 கோய் மிக அதிகம். வளர்ந்த கோய் ஒன்றுக்கு 1,000 லிட்டராவது வேண்டும். காற்று பம்ப் காப்பாற்றிக் கொடுத்தாலும், மீதி மீன்களில் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பெரிய குளம் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் சில கோல்டுஃபிஷ் நன்றாக இருக்கும்.