காவடியும் கமெண்டும்

ஐயா,

என் மகளுக்கு 15 வயது. இந்த வருடம் தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்தாள். மீன், முட்டை எதையும் தொடவில்லை, போனை மட்டும் விடவில்லை. இங்கே மொரீஷியஸில், கோர் தெ கார்த் மலையடிவாரத்து முருகன் கோவிலில் பால்குடத்தோடு நின்ற படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டாள். யாரோ கிரியோல் மொழியில் அவள் உடம்பைக் கிண்டல் செய்து எழுத, படத்தை அழித்துவிட்டாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. இரவு ஒரு மணிக்கும் அறையில் போன் வெளிச்சம். பிடுங்கி வைத்துவிடலாமா?

ஒரு தாய், ரோஸ் ஹில்

அன்புள்ள சகோதரிக்கு,

பிடுங்க வேண்டாம். நான் செய்து பார்த்தவன். என் மகன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நண்பனின் பழைய போனை வாங்கி வைத்திருந்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சாப்பாட்டு விஷயம் வேறு. அது இப்படியே தொடர்ந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

"ஒரு கமெண்டுக்கா இவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உடம்பைப் பற்றி ஏற்கெனவே கவலைப்படும் பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அந்தக் கவலையைக் கூட்டுகிறது என்று அந்த நிறுவனமே 2019-இல் தன் உள் ஆய்வில் எழுதி வைத்திருந்தது. அங்கே வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் 2021-இல் காகிதங்களை வெளியே கொண்டுவந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

தினம் 3 மணி நேரத்துக்கு மேல் சமூக வலைத்தளங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரல் 2023-இல் எச்சரித்தார். போனால் மனம் வாடுகிறதா, வாடிய பிள்ளை போனுக்குள் ஒதுங்குகிறதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எனக்கு அந்த ஒரு மணி வெளிச்சம்தான் பெரிய பயம். தூக்கம் கெட்ட பிள்ளைக்குச் சின்னச் சொல்லும் முள்ளாகக் குத்தும். இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் சமையலறையில் சார்ஜுக்குப் போகட்டும். உங்களுடையதும்தான், சகோதரி.

இன்னொன்று. இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. வேண்டாத சொற்களை நாமே எழுதிக் கொடுத்தால், அவை வரும் கமெண்டுகளை மறைக்கும் வசதியும் உண்டு. நம் கிரியோல் வசவுகளை அதில் சேர்க்க இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். அம்மா வாயால் அந்த வார்த்தைகளைக் கேட்டு அவள் சிரிக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

அந்தப் பால்குடப் படம் உங்கள் போனில் இருக்கும்தானே? அவள் சரி என்றால் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த தைப்பூசத்துக்கு வேறு படம் எடுக்கலாம்.