திரையைப் பதிவு செய்து பாட வீடியோ போட எந்த மென்பொருள் நல்லது?

திரையைப் பதிவு செய்வது இன்று பெரிய வேலையே இல்லை. மேக்கில் கமாண்ட், ஷிப்ட், 5 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். விண்டோஸ் 11-இல் ஸ்னிப்பிங் டூலே பதிவு செய்யும். (விண்டோஸோடு வரும் இன்னொரு பதிவுக் கருவியான கேம் பாரை நம்பி இறங்காதீர்கள். டெஸ்க்டாப்பையும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரையும் அது எடுக்காது.) தலைவலி எல்லாம் அப்புறம்தான்: உளறிய இடத்தை வெட்டுவது, பொடி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது. அதனால் எடிட்டிங்கை எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

காசு கொடுக்கத் தயார் என்றால், பதிவும் எடிட்டிங்கும் சேர்ந்தே இருக்கும் கேம்டேசியா. காரணம் ஒன்றே ஒன்று: அதில் பதிவு செய்யும்போது மவுஸ் அம்பு படத்தோடு ஒட்டிப்போகாமல் தனியாகச் சேமிக்கப்படும். பதிவு முடிந்த பிறகும் அம்பைப் பெரிதாக்கலாம், கிளிக் செய்த இடத்தில் வட்டம் போடலாம். பாடம் எடுப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது, "எங்கே கிளிக் பண்ணீங்க?" என்று பத்துப் பேர் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இலவசம் வேண்டுமா, ஓபிஎஸ் ஸ்டுடியோ. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் அதில் எடிட்டிங் கிடையாது. வெட்டி ஒட்ட ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் போல இன்னொன்று வேண்டும். குரலையும் கணினியின் ஒலியையும் தனித்தனி டிராக்கில் எடுங்கள், பிறகு ஒன்றை மட்டும் குறைக்கலாம்.

இன்னொன்று, பட்டுத் தெரிந்துகொண்டது. நாற்பது நிமிடப் பாடத்தைச் சாதாரண எம்பி4-ஆக எடுத்துக்கொண்டிருந்தபோது கணினி உறைந்துவிட்டது. ஃபைல் இருந்தது, திறக்கவே இல்லை. அந்த வகை ஃபைலைத் திறக்கத் தேவையான அட்டவணை, பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுமாம். எம்கேவி என்ற இன்னொரு வீடியோ ஃபைல் வகையில் எடுத்திருந்தால் உறைந்த நொடி வரைக்குமாவது மிஞ்சியிருக்கும். எம்கேவி-யை எம்பி4 ஆக்க ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவிலேயே 'ரீமக்ஸ்' இருக்கிறது. சில நொடி வேலை, தரமும் குறையாது.

சரி, ஓபிஎஸ்தான் என்று முடிவு செய்தால், திரையை 1920x1080-க்கு வைத்து, பிரவுசரை 150 சதவீதம் பெரிதாக்கிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். எடிட்டிங்கில் ஜூம் செய்யும் வேலை பாதி குறைந்துவிடும்.