ஆட்டக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 2012இல் விதித்த தண்டனையைப் பாதியிலேயே தளர்த்தியது தவறு என்று. அந்த வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்போது நான் அங்கே ஆராய்ச்சி மாணவன். நான் பாடம் எடுக்க உதவிய வகுப்பில் இரண்டு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி வேலையை விட்டுப் போன 1999இல் அவர்கள் ஒன்றாம் வகுப்பில் இருந்திருப்பார்கள். அவன் சிறைக்குப் போய்விட்டான். தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவை வேலையை விட்டு அனுப்பினார்கள், இரண்டே மாதத்தில் அவர் இறந்தும் போனார். மறைத்த அதிகாரிகள் மேல் வழக்கு நடந்தது. அதற்கு மேலும் அணியைத் தண்டித்தால் அடி யார் மேல் விழுகிறது? ஆட்ட நாளை நம்பிப் பிழைக்கும் கடைக்காரர்கள் மேலும், அங்கேயே இருந்து விளையாடிய பையன்கள் மேலும்தானே? அவர்களிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கே., பிட்ஸ்பர்க்

அன்புள்ள கே.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் மறுபாதிக்கு வருவதற்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற பலருக்கு இந்த வழக்கு தெரிந்திருக்காது.

சாண்டஸ்கி பென் ஸ்டேட்டில் முப்பது வருடம் துணைப் பயிற்சியாளர். வறிய சிறுவர்களுக்காக என்று 1977இல் அவன் தொடங்கிய தொண்டு நிறுவனம்தான் அவனுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் பிள்ளைகளை மயக்கியது அணியின் பெயர்: ஆட்டத்துக்கு டிக்கெட், வீரர்களைப் பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு, அணியின் உடைமாற்றும் அறை வரைக்கும் போய்வரும் பெருமை. 1998இல் ஒரு தாய் புகார் கொடுத்தார், பல்கலைக்கழகப் போலீஸ் விசாரித்தது, வழக்கு எதுவும் பதிவாகவில்லை. மறு வருடம் அவன் ஓய்வு பெற்றபோது ஓர் அலுவலக அறையும் அணியின் கட்டடங்களுக்குள் வந்துபோகும் சலுகையும் கொடுத்து அனுப்பினார்கள். 2001 பிப்ரவரியில் மைக் மெக்குவியரி என்ற இளம் உதவியாளர் அந்தக் கட்டடத்தின் குளியலறையில் அவனை ஒரு சிறுவனோடு பார்த்துவிட்டு, மறுநாள் பட்டர்னோவிடம் போய்ச் சொன்னார். பட்டர்னோ வழியாக அது விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லி, துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸ், பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர் என்று மேலே போனது. குழந்தைகள் நலத்துறைக்குத் தெரிவிப்பது என்று முதலில் பேசியவர்கள், பட்டர்னோவிடம் பேசிய பிறகு தனக்கு அது சரியாகப் படவில்லை என்று கர்லி எழுதியதும், சாண்டஸ்கியிடமே பேசிப் பார்ப்பது என்று மாற்றிக்கொண்டார்கள். அதற்குச் சம்மதித்து ஸ்பேனியர் அனுப்பிய மின்னஞ்சலில் ஒரே ஒரு ஆபத்தைத்தான் சொல்கிறார்: அவன் கேட்காமல் போனால், புகார் கொடுக்காமல் விட்டதற்காக நாம் மாட்டிக்கொள்வோம் என்று. அந்தச் சிறுவன் யார் என்று விசாரிக்கக்கூட எவரும் முயலவில்லை. அதற்குப் பிறகும் பல வருடங்கள் அவன் சிறுவர்களைச் சீரழித்தான். 2012 ஜூனில் ஜூரி 45 குற்றச்சாட்டுகளில் அவனைக் குற்றவாளி என்றது.

இதில் என்னால் மறக்கவே முடியாத இடம் வேறொன்று. 2000ஆம் ஆண்டு ஒரு துப்புரவுப் பணியாளர் அதே குளியலறையில் அவனை இன்னொரு சிறுவனோடு பார்த்துவிட்டார். பார்த்ததைக் கூட வேலை செய்பவர்களிடம் சொல்லிப் பதறினார். ஆனால் யாரும் புகார் கொடுக்கவில்லை, வேலை போய்விடும் என்ற பயம். பிற்பாடு முன்னாள் எஃப்பிஐ இயக்குநர் லூயி ஃப்ரீ தலைமையில் விசாரித்தவர்களிடம் அவர்களில் ஒருவர், பட்டர்னோவை எதிர்த்துப் புகார் சொல்வது அமெரிக்க அதிபரையே எதிர்ப்பது மாதிரி என்றார், இந்தப் பல்கலைக்கழகத்தை நடத்துவதே கால்பந்துதான் என்றார். (ஃப்ரீ அறிக்கையின் முடிவுகளைப் பட்டர்னோவின் குடும்பம் மறுத்தது, அவர் மேல் வழக்கும் போடப்படவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாலு தனிமனிதர்கள் தவறு செய்தார்கள், அணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறீர்கள். ஆனால் அந்தத் துப்புரவுப் பணியாளருக்கு ஸ்பேனியரையோ ஷுல்ட்ஸையோ நேரில் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லையே. அவரைப் பேசவிடாமல் செய்தது ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் அமரும் அந்த ஸ்டேடியமும், அது கொண்டுவரும் பணமும், அது ஒரு பயிற்சியாளருக்குக் கொடுத்த அதிகாரமும். எதைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளைகளைக் கைவிட்டார்களோ அதன் மேல்தான் தண்டனை விழ வேண்டும். மூன்று அதிகாரிகளுக்கும் கடைசியில் கிடைத்தது சில மாதச் சிறைதான். கால்பந்துக்கு ஒன்றும் ஆகாமல் விட்டிருந்தால், மறைத்தது லாபகரமான முடிவு என்றே ஆகியிருக்கும்.

அணியைத் தண்டித்தால் அடுத்த முறை இன்னும் ஆழமாகப் புதைப்பார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். 2001இல் அன்றைக்கே ஒரு போன் செய்திருந்தால் அணிக்கு என்ன நஷ்டம்? அவன் ஏற்கெனவே ஓய்வு பெற்றவன், இரண்டு வாரம் செய்தித்தாளில் பெயர் அடிபட்டிருக்கும், அவ்வளவுதான். சொன்னவனுக்கு அவ்வளவு சின்ன நஷ்டம், மறைத்தவனுக்கு மலையளவு நஷ்டம் என்று ஆக்கினால்தான் அடுத்த கர்லி அந்த போனை எடுப்பான்.

ஆனால் 2012 ஜூலை 23 அன்று என்சிஏஏ, அதாவது அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கம், விதித்த தண்டனையில் எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. 6 கோடி டாலர் அபராதம் சரி, அது அந்த அணியின் ஒரு வருட மொத்த வருமானம் என்று கணக்கிட்டு விதித்தது, சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களுக்கு நான்கு வருடத் தடையும் சரி. வேறு கல்லூரிக்கு மாற நினைத்த ஆட்டக்காரர்கள் வழக்கமாக ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும், அந்த விதியைத் தளர்த்தியது அந்தத் தீர்ப்பிலேயே மிக நல்ல காரியம். ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையை 85இலிருந்து 65ஆகக் குறைத்ததுதான் அநியாயம். அது பயிற்சியாளரிடமிருந்தோ நிர்வாகக் குழுவிடமிருந்தோ பிடுங்கியது அல்ல, படிப்புக்கு வேறு வழியில்லாத ஏதோ ஒரு பையனிடமிருந்து பிடுங்கியது. உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு என்றேனே, அது இதுதான். 1998 முதல் 2011 வரையிலான 112 வெற்றிகளை ஏட்டிலிருந்து அழித்ததும் வீண்வேலை, ஆடி ஜெயித்த ஆட்டத்தை ஜெயிக்கவில்லை என்று எழுதிவைத்து யாருக்கு என்ன நீதி? அப்புறம், என்சிஏஏ சொந்தமாக ஒரு விசாரணைகூட நடத்தவில்லை. ஃப்ரீ அறிக்கை வந்த பதினோராவது நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அவசரம்தான் பின்னால் வழக்குப் போட்டவர்களுக்கு வசதியாகிப் போனது.

என்னிடம் விட்டிருந்தால் ஒரு முழு சீசன் சொந்த மைதானத்தில் ஆட்டமே கிடையாது என்றிருப்பேன், எல்லா ஸ்காலர்ஷிப்பும் அப்படியே தொடரும், மற்ற ஊர்களில் போய் ஆடிவிட்டு வரட்டும் என்று. கடைக்காரர்களுக்கு நஷ்டம்தான், அதைப் பல்கலைக்கழகம் ஈடுகட்டட்டும், அந்த அளவுக்கு அதனிடம் பணம் உண்டு. ஒரு வருடம் அந்த ஸ்டேடியம் காலியாகக் கிடந்திருந்தால் அந்த ஊர் தன்னையே கொஞ்சம் கேட்டுக்கொண்டிருக்கும். 2011 நவம்பரில் பட்டர்னோவை நீக்கிய இரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவுக்கு வந்து தொலைக்காட்சி வேனைக் கவிழ்த்தார்களே, நீங்கள் அங்கே இருந்தவர், பார்த்திருப்பீர்கள். சாண்டஸ்கி கைதாகி அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நான் தவறு என்று எழுதியது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். 2013இலேயே ஸ்காலர்ஷிப்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. 2014 செப்டம்பரில் பவுல் தடையை நீக்கினார்கள், டிசம்பரிலேயே நியூயார்க்கில் ஒரு பவுல் ஆட்டம் ஆடி ஜெயித்தார்கள். 2015 ஜனவரியில் 112 வெற்றிகளும் திரும்பி வந்துவிட்டன. அபராதப் பணம் பென்சில்வேனியாவுக்குள்ளேயே, குழந்தைகள் மீதான வன்கொடுமையைத் தடுப்பதற்குச் செலவாகும் என்பது மட்டும் மிச்சமானது. அதன் பிறகு மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் என்ன ஆயிற்று பாருங்கள். அங்கே வேலை பார்த்த லாரி நாசர் என்ற மருத்துவனின் பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்ட 300க்கும் மேற்பட்டவர்களுக்கு 50 கோடி டாலர் இழப்பீடு தர 2018இல் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அதே வருடம் என்சிஏஏ எங்கள் விதி எதுவும் மீறப்படவில்லை என்று கோப்பை மூடியது. கால்பந்து ஆட்டக்காரர்கள் மேல் வந்த பாலியல் புகார்களைப் பேய்லர் பல்கலைக்கழகம் கண்டுகொள்ளாமல் விட்ட விவகாரத்திலும் 2021இல் அதே கதை. இதே சங்கம்தான் 1987இல், ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்த குற்றத்துக்காக சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு முழு சீசனையே ரத்து செய்தது. பையன் கையில் பணம் போனால் சீசன் ரத்து, பிள்ளைகள் சீரழிந்தால் அது எங்கள் வேலையில்லை. பென் ஸ்டேட் தண்டனையைக் கைவிட்டபோது இந்த விஷயத்தில் தண்டிக்கும் பழக்கத்தையே கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அங்கேயே இருந்து ஆடிய பையன்களிடம் என்ன சொல்வேன் என்று கேட்டீர்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். பலர் விட்டுப் போன பிறகும் மைக்கேல் மவுட்டி, மைக்கேல் ஸோர்டிச் போன்றவர்கள் முன்னால் நின்று மற்றவர்களைச் சேர்த்துப் பிடித்தார்கள், அந்த 2012 சீசனில் எட்டு ஆட்டங்களில் ஜெயித்தார்கள். உங்களுக்கு இந்த நிலை வந்தது என்சிஏஏவால் மட்டும் அல்ல, 2001இல் ஒரு போன் செய்யாத உங்கள் சொந்தத் தலைவர்களால், கணக்கை அவர்களிடம் கேளுங்கள் என்று சொல்வேன். இன்னொன்றும் சொல்வேன். 2008இல் தன் தாயோடு துணிந்து புகார் கொடுத்து இந்த விசாரணையையே தொடங்கிவைத்த சிறுவன், சாண்டஸ்கி கைதான பிறகு, கூடப் படிக்கும் பிள்ளைகள் கால்பந்தைக் கெடுத்தவன் என்று படுத்திய பாட்டில் பள்ளியை விட்டே போக வேண்டியிருந்தது. நீங்கள் ஆட்டம் போகாமல் கல்லூரி மாற உங்களுக்காக ஒரு விதியைத் தளர்த்தினார்கள். அவனுக்காக யாரும் எதையும் தளர்த்தவில்லை.