தள்ளியிருக்கும் ஷெட்டுக்குத் தனி டிபி பாக்ஸ்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருந்த மாட்டுத்தொழுவை கார் ஷெட்டாக மாற்றியிருக்கிறோம். அடுக்களை சுவிட்ச் போர்டிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்திருக்கிறார்கள். 2 எச்.பி. கம்ப்ரசரைப் போட்டால் லைட் மங்குகிறது; சில நேரம் மோட்டார் உறுமிக்கொண்டே நின்றுவிடுகிறது. தனி டிபி (கரண்டைப் பல லைன்களாகப் பிரிக்கும் பெட்டி) வைக்கலாமா?
- வாசகர், நாங்குநேரி

பதில்: வைத்தே ஆக வேண்டும். 2 எச்.பி. மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும் நொடியில் 50, 60 கேட்கும். 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஒயரில் அப்போது 30 வோல்ட் வரை விழுந்துவிடும். 6 சதுர மி.மீ. செம்பில் அது 13 வோல்ட்டாகக் குறையும். அலுமினியம்தான் வாங்குவதென்றால் 10 சதுர மி.மீ. வேண்டும், முனைக்கு பைமெட்டல் லக் (அலுமினியத்தையும் செம்பையும் இணைக்கும் முனைத்துண்டு) போடாமல் செம்பு டெர்மினலில் சொருகினால் கொஞ்ச நாளில் லூசாகிக் கருகும்.

வீட்டு மெயின் டிபியில் ஷெட்டுக்கென்றே 32 ஆம்பியர் டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்) எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்; மோட்டார் கிளம்பும் வேகத்தைத் தாங்கும் ‘சி’ வகை. அங்கிருந்து மூன்று கோர் ஆர்மர்டு (இரும்புக் கம்பிக் கவசம் உள்ள) கேபிள்: பேஸ், நியூட்ரல், எர்த். முக்கால் மீட்டர் ஆழக் குழியில் மணல் விரித்துப் போட்டு, மேலே மறுபடி மணல், அதன்மேல் வரிசையாகச் செங்கல். பின்னாளில் தென்னங்கன்று வைக்க மண்வெட்டி போடுகிறவரைக் காப்பாற்றுவது அந்தச் செங்கல்தான். பாறை தட்டினால் ஜிஐ பைப்புக்குள் கொண்டுபோங்கள். ஆர்மர் கம்பியைப் பித்தளை கிளாண்டில் (கேபிள் முனையைப் பெட்டியோடு பிடிக்கும் வளையம்) இறுக்கி எர்த்தோடு சேர்க்க வேண்டும்.

ஷெட்டில் 8 வே பாக்ஸ். முதலில் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்). பிறகு லைட், ஃபேனுக்கு 6 ஆம்பியர் எம்சிபி, 1.5 ஒயர், கம்ப்ரசருக்குத் தனியாக 16 ஆம்பியர் ‘சி’, பவர் பிளக் ஒவ்வொன்றுக்கும் தனி 16 ஆம்பியர், 2.5 ஒயர். வீட்டிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் ஷெட் லைனை அதற்கு முன்பே பிரித்து, 100 மில்லி ஆம்பியர் தாமத வகை ஒன்றை அந்த லைனில் போடுங்கள். இரண்டும் 30 என்றால் எது முதலில் விழும் (துண்டிக்கும்) என்று சொல்ல முடியாது.

இதில் உயிரே போகக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஷெட் பாக்ஸில் நியூட்ரல் லிங்க்கையும் எர்த் லிங்க்கையும் (அந்தந்த ஒயர்கள் வந்து சேரும் பித்தளைப் பட்டைகள்) ஒரு துண்டு ஒயரால் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியே திரும்பி, முன்னால் இருக்கும் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுவதுபோல் விழும். அதற்குப் பயந்து ஆர்சிசிபியையே கழற்றிவிடுகிறார்கள். அதற்குப்பின் என்றாவது நியூட்ரல் அறுந்தால் கம்ப்ரசர் உடம்பு, இரும்பு ஷட்டர் எல்லாவற்றிலும் 230 வோல்ட் வரை ஏறி நிற்கலாம். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஷெட்டுக்குள் தனித்தனியாகவே ஓடட்டும். வேலையை உரிமம் உள்ள வயர்மேனிடம் கொடுங்கள். மூடுமுன் இந்த இரண்டு லிங்க்கையும் நீங்களே ஒரு முறை பாருங்கள்.

கேள்வி: எர்த் குழி நன்றாகப் போட்டிருக்கிறோம். ஆர்சிசிபி எதற்கு?
- வாசகர், ராதாபுரம்

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் எர்த் 10 ஓம் என்றால், பேஸ் இரும்பில் பட்டதும் ஓடுவது 230-ஐ 10-ஆல் வகுத்த 23 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு விழாது; இரும்பு கரண்டோடு அப்படியே இருக்கும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் கோடையில் காய்ந்தால் ஓம் இன்னும் ஏறும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் எர்த் சுமாராக இருந்தாலும் கண்ணிமைக்குமுன் துண்டித்துவிடும். அதற்காகக் குழியை விட்டுவிடாதீர்கள். 40 மி.மீ. ஜிஐ பைப், 2.5 மீட்டர் நீளம், சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி. ஷெட் பக்கத்திலேயே ஒன்று போட்டு, வீட்டிலிருந்து வரும் எர்த்தோடு இணையுங்கள். பங்குனி தொடங்கி மழை வரும்வரை குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். ஆனால் எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டனை அழுத்தினால் ஆர்சிசிபி விழும்; எர்த் சரியா என்று பார்க்க எர்த் டெஸ்டர்தான் வேண்டும்.

கேள்வி: தோட்டத்து இலவச பம்புசெட் இணைப்பிலிருந்து ஷெட்டுக்கு லைன் எடுக்கலாமா?
- வாசகர், களக்காடு

பதில்: கூடாது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி அது அனுமதியற்ற பயன்பாடு. அபராதக் கணக்கு வரும். வீட்டு இணைப்பிலிருந்து எடுங்கள், லோடு கூடினால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். ஷெட்டில் காசு வாங்கி வெல்டிங் செய்வதாக இருந்தால் வீட்டு இணைப்பும் செல்லாது. தனி இணைப்பு வாங்க வேண்டும்.