வீட்டில் சக்கர நாற்காலி வந்தால் நிலைப்படியை அறுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம். இனி சக்கர நாற்காலிதான் என்கிறார்கள். எங்களுடையது பழைய வீடு, என்னென்ன மாற்ற வேண்டும்? தலைவாசல் நிலைப்படியை அறுக்கவே கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

அறுக்கலாம். நான் அறுத்தேன். அதற்காக என் அத்தை இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குச் செங்கோட்டை. 1956 நவம்பர் வரை இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எங்கள் வீடு அதற்கும் முன்னால் தாத்தா கட்டியது. தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் தார்சா என்கிற முன் தாழ்வாரம், அப்புறம் தலைவாசல், பட்டாசல் என்கிற கூடம், அடுக்களை, புறவாசல், அதைத் தாண்டிக் குளியலறையும் கக்கூசும். ஆனி, ஆடியில் சாரல் விடாமல் அடிக்கிற ஊர் என்பதால் தரையை உயர்த்தி, ஒவ்வொரு வாசலுக்கும் படி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே வரக்கூடாது, பூரான், பாம்பு வரக்கூடாது. தலைவாசல் நிலைப்படி மட்டும் ஐந்து அங்குலம், முழுத் தேக்கு. உங்கள் வீடும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

2022 ஆனியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலப்பக்கம் அடி, அதனால் இடது கையும் காலும் போய்விட்டன. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. பதினாறு நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அன்று நாற்காலியோடு அம்மாவை நான்கு பேர் தூக்கித்தான் உள்ளே வைத்தோம்.

முதலில் செய்த தப்பைச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் இருக்கும் தம்பி போனில் "ராம்ப் போடு, ராம்ப் போடு" என்றான். கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் படிகளின் மேலேயே சரிவு போட்டேன், 14,000 ரூபாய். மூன்று படியும் சேர்த்து 21 அங்குல உயரம். சரிவுக்குக் கணக்கு 12க்கு 1, அதாவது ஒரு அங்குலம் ஏற ஓர் அடி நீளம் வேண்டும். மத்திய அரசின் கட்டட வழிகாட்டு நெறிகளிலும் இதே கணக்குதான். எங்களுக்கு 21 அடி தேவை. வாறுகால் (தெருச் சாக்கடை) வரை இருந்ததே ஆறடி, ஆறடிக்குள் போட்டுவிட்டார். முதல் நாள் நாற்காலியைத் தள்ளியபோது முன்சக்கரம் தூக்கி அம்மா பின்பக்கமாகச் சாய்ந்தார்கள். நான் பின்னால் நின்றிருந்ததால் தாங்கிக்கொண்டேன். அப்புறம் ஒரு சாரலில் அதில் பாசி பிடித்தது, பால்காரர் வழுக்கி விழுந்தார். மூன்றாம் மாதம் உடைத்துப் போட்டோம்.

புறவாசல் பக்கம் தரை மேடாக இருந்ததை நான் யோசிக்கவே இல்லை. அங்கே ஒன்பது அங்குலம்தான் ஏற வேண்டும். தென்னை ஓரமாக ஒன்பதடிச் சரிவு, விளக்குமாற்றால் வரிவரியாகச் சொரசொரப்பு இழுத்த சிமெண்ட், இரண்டு பக்கமும் சக்கரம் நழுவாமல் இரண்டு அங்குல விளிம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகவர இன்றும் அதுதான் வழி. "பெத்த தாயைக் கொல்லை வழியாகக் கொண்டு போகிறான்" என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும். அவர்கள் யாரும் நாற்காலியைத் தள்ள வரவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் தங்கச்சி வந்தாள். 2021-இல் தொடங்கிய திட்டம் அது, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அவள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "அண்ணா, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை நீங்களே போய் வாருங்கள்" என்றாள். முக்கால் மணி நேரம் ஆகியும் கக்கூஸ் வரை என்னால் போக முடியவில்லை. நாற்காலி 25 அங்குல அகலம், கக்கூஸ் வாசல் 24. நாற்காலி திரும்ப ஐந்தடிச் சுற்று வேண்டும், அடுக்களைக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது மூன்றடி. ஃபேன் சுவிட்ச் எட்டவில்லை. பகலில் அம்மா வியர்த்துப்போய்க் கிடந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீங்களும் கொத்தனாரைக் கூப்பிடும் முன் இதைச் செய்யுங்கள்.

கக்கூஸ்தான் உயிர். வேறு எதற்குக் காசில்லை என்றாலும் அதற்குச் செலவு பண்ணுங்கள். உட்காரும் உயரம் தரையிலிருந்து 18 அங்குலம் வரும்படி வெஸ்டர்ன் வைத்தோம். கதவு உள்பக்கம் திறந்தால் மாற்றிவிடுங்கள். உள்ளே விழுந்தவர் கதவின் மேலேயே கிடப்பார், வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது. நாங்கள் கதவையே எடுத்துவிட்டுத் தடித்த திரை போட்டோம், வாசல் அகலமும் இரண்டு அங்குலம் கூடியது. அப்படியும் திரும்ப இடம் போதாமல் பெரிய நாற்காலி போகவில்லை, சின்னச் சக்கரம் வைத்த கமோடு நாற்காலியில்தான் போகிறோம்.

பிடிகம்பியைச் சுவர் கிட்டத்தில் இருந்த பக்கம் என்று இடப்பக்கம் அடித்துவிட்டார் கொத்தனார். அம்மாவுக்கு இடது கையே இல்லாதபோது அது யாருக்கு? கம்பி எப்போதும் நல்ல கை இருக்கும் பக்கம் வர வேண்டும். வலப்பக்கம் மாற்றினால், பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர், பிளாஸ்டிக் பிளக்கில் போட்ட ஸ்க்ரூ மூன்றாம் நாளே காரையோடு பெயர்ந்து வந்தது. நல்லவேளை, நான் இழுத்துப் பார்த்தபோது வந்தது. அப்புறம் சுவரைத் துளைத்து, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டு போட்டு முறுக்கினோம். பழைய வீடு என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும். என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்த பிறகுதான் அம்மாவைப் பிடிக்கவிட்டேன்.

இன்னொன்று. மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்களில் பலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் படாது. கண் நன்றாகத் தெரியும், ஆனால் அந்தப் பக்கம் கவனம் போகாது. அம்மா தட்டில் இடப்பக்கத்துச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். பிடிவாதம் என்று நான் கோபப்பட்டிருக்கிறேன், இன்றும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது. உங்கள் அப்பாவுக்கும் இடப்பக்கம் என்றால், மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். வாசலைக் கடக்கும்போது இடது கை நிலையில் இடிபடும், மடியில் எடுத்து வையுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் அம்மாவிடம் "இன்னும் என்னம்மா வேணும்?" என்றேன். நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. "சாயங்காலம் தார்சாவுல இருக்கணும்" என்றார்கள். அவ்வளவுதான். தெருவைப் பார்க்க வேண்டும், பூக்காரியிடம் பேச வேண்டும். அதற்குக் குறுக்கே இருந்தது அந்த ஐந்து அங்குலப் படி. இரண்டு பக்கமும் பலகைச் சரிவு வைக்கலாம் என்றால் தார்சாவின் அகலமே ஐந்தடி, நாற்காலி நிற்க இடமிருக்காது.

எங்கள் ஆசாரி மாட்டேன் என்றார். குலத்துக்கு ஆகாது, நான் கை வைக்க மாட்டேன் என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் நம்பிக்கை அது. தம்பியும் வேண்டாம் என்றான். அம்மாதான் சொன்னார்கள்: "நாப்பத்தாறு வருஷமா அந்தப் படிக்கு மஞ்ச பூசுனது நான்லா. நானே சொல்லுதேன், அறுக்கச் சொல்லு." ஆரியங்காவிலிருந்து வேறொரு ஆசாரி வந்தார். விளக்கேற்றி, தேங்காய் உடைத்து, கும்பிட்டுவிட்டுத்தான் ரம்பத்தை வைத்தார்.

நாற்பது நாளுக்குள் சித்தப்பா தவறிவிட்டார். அவருக்கு 84 வயது, பல வருஷமாக இதய நோய். துட்டி வீட்டில் எல்லோர் முன்னாலும் அத்தை என்னைப் பார்த்து, "நிலையை அறுத்தான், தலை போச்சு" என்றார்கள். பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். படிக்கு மரியாதை உண்டு, நானும் வெள்ளிக்கிழமை கும்பிட்டு வளர்ந்தவன்தான். சாஸ்திரத்தை இழிவு பண்ணுகிறேன் என்று இதன் கீழே சிலர் எழுதலாம். அந்தப் படியின் மேல் அம்மாவைத் தினமும் இரண்டு பேர் தூக்கி இறக்கியதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒருமுறை தூக்கும்போது என் மனைவிக்கு இடுப்பு பிடித்து ஒரு மாதம் படுத்திருந்தாள். அதற்கு எந்த அத்தையும் வருத்தப்படவில்லை.

சக்கர நாற்காலி வந்தால் எல்லாம் முடிந்தது என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குப் பக்கத்து ஆய்க்குடியில்தான் எஸ். ராமகிருஷ்ணன் ஐயா இருக்கிறார். 1975-இல் கடற்படைத் தேர்வில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவு போனவர். அவர்தான் 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கவாதம் வந்த அந்த வருஷம் நவம்பரில் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வங்கிக்குப் போனோம். ஏழு படி, சரிவு இல்லை. மேலாளர் கீழே வந்து பார்ப்பார் என்று சொல்லி, ஆட்டோவிலேயே ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அம்மா ஆட்டோவிலேயே சிறுநீர் போய்விட்டு, வீடு வரும்வரை அழுதார்கள். 2014 முதலே ஜீவன் பிரமாண் என்று டிஜிட்டல் வழி இருக்கிறது என்று அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வருஷம் வீட்டிலேயே போனில் முகத்தைப் படம்பிடித்து முடித்தோம். உங்கள் அப்பா ஓய்வூதியம் வாங்குகிறார் என்றால் இதை இப்போதே கேட்டு வையுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் என் சித்தி படுத்திருந்தபோது, அங்கே வலிநிவாரண நர்ஸ் வீட்டுக்கே வந்தார், காற்றுமெத்தையைக் காசில்லாமல் கொடுத்து, அப்புறம் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கேரளத்தில் 2008-லேயே அதற்கென்று அரசுக் கொள்கை வந்துவிட்டது. நாங்கள் இங்கே எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கினோம். எல்லைப் பக்கம் இருக்கிறவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

சரி, நிலைப்படிக்கு வருகிறேன். அறுத்தால் ஒரு கஷ்டம் உண்டு, மறைக்கவில்லை. முதல் சாரலிலேயே பட்டாசலுக்குள் தண்ணீர் வந்தது, இரண்டு பூரானும் வந்தன. தார்சாத் தரையைக் கொத்தி, தெருப்பக்கம் வாட்டமாகத் திரும்பப் போட்டோம். கதவின் அடியில் ரப்பர் பட்டை அடித்தோம். அதன்பின் தொந்தரவு இல்லை. முதலிலேயே சேர்த்துச் செய்தால் இரண்டு கூலி ஆகாது. படி ஒரு அங்குலத்துக்குள் என்றால் அறுக்க வேண்டியதே இல்லை, இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரிச் சீவிய மரக்கட்டை போதும். அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள், சொல்கிறேன்.

அப்புறம் தார்சாவின் விளிம்பில், படி இறங்கும் இடத்தில் குறுக்கே ஒரு கட்டை பொருத்துங்கள். நாற்காலியின் பிரேக்கை இரண்டு பக்கமும் போட வேண்டும். அம்மாவுக்கு இடப்பக்கம் நினைவில் வராது என்பதால் அந்தப் பக்க பிரேக்கைத் தினமும் நான்தான் போடுகிறேன்.