வடசென்னையில் எந்த ஏரியாவில் வீடு வாங்குவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வடசென்னை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். அந்த உரிமையில் வீட்டு விஷயம் ஒன்று கேட்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. நான் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மாமியார் எங்களோடு இருக்கிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறார், மூட்டுவலியும் உண்டு. 60 லட்சத்துக்குள் வீடு தேடியதில் நான்கு இடம் கையில் நிற்கிறது. காலடிப்பேட்டையில் மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு ஃபிளாட், பெரம்பூரில் 25 வருடப் பழைய ஃபிளாட், மாதவரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் அபார்ட்மென்ட், மீஞ்சூரில் தனி வீடு. கணவருக்கு மீஞ்சூர் மேல் ஆசை, நமக்கென்று மண் இருக்கும் என்கிறார். எனக்கு மாதவரம் பிடித்திருக்கிறது, மெட்ரோ வரப்போகிறதே. சொந்தக்காரர்களோ, "இவ்வளவு பணம் போட்டு யாராவது நார்த் மெட்ராஸில் வாங்குவார்களா, மேடவாக்கம் பக்கம் பாருங்கள்" என்கிறார்கள். எது நல்ல ஏரியா என்று சொல்லுங்கள் சார்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கணவரின் ஆசை இருக்கிறது, உங்கள் ஆசை இருக்கிறது, சொந்தக்காரர்களின் கருத்தும் இருக்கிறது. மாமியாரும் மகளும் என்ன நினைக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. நீங்கள் இருவரும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவீர்கள். பகல் முழுக்க அந்த வீட்டில், அந்தத் தெருவில், அந்தக் காற்றில் இருக்கப்போவது மாமியார். பள்ளி விட்டு வந்து டியூஷனுக்கும் கடைக்கும் தனியாகப் போகப்போவது மகள். இன்னும் இரண்டு வருடத்தில் அவளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. அம்மா துணையில்லாமல் அவள் எங்கெல்லாம் போய்வர முடியும் என்பதை அந்தத் தெருதான் தீர்மானிக்கும். என்னைக் கேட்டால் இந்த இரண்டு பேரை வைத்துத்தான் நான்கு இடங்களையும் ஒப்பிட வேண்டும். நீங்களும் கணவரும் எப்படியாவது வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.

சொந்தக்காரர்கள் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மேடவாக்கத்துக்குப் பக்கத்தில்தான் பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. 2015 டிசம்பரில் வேளச்சேரியும் முடிச்சூரும் எப்படிக் கிடந்தன என்று எல்லோரும் பார்த்தோம். அங்கே வெள்ளம் வந்தால் அதை மழையின் குற்றம் என்கிறோம், இங்கே வந்தால் ஏரியாவின் குற்றம் என்கிறோம். இந்தப் பேச்சு எனக்கு எப்போதுமே வலிக்கும். உங்கள் வேலை, மகளின் பள்ளி, மாமியாரின் ஆஸ்பத்திரி மூன்றும் இந்தப் பக்கம் இருக்கும்போது, ஒரு பெயருக்காக ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டியதில்லை.

அதற்காக வடசென்னையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இங்கே வீடு பார்ப்பவர்கள் மற்ற ஏரியாக்காரர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்தாக வேண்டும். அது காற்று. 1960களில் மணலியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அதைச் சுற்றி உர ஆலையும் ரசாயன ஆலைகளும் வந்தன. கொடுங்கையூரில் மாநகராட்சியின் குப்பைமேடு இருக்கிறது. இவை இரண்டும் உங்கள் வீட்டுக்கு எந்தத் திசையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் ஜன்னலைத் திறக்க முடியுமா முடியாதா என்பது இருக்கிறது.

திருவொற்றியூருக்கு நேர் மேற்கே மணலி. கோடையில் காலை வேளையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். ஆடி மாதம் வரை மேல்காற்று பலமாகவே இருக்கும். அப்போது மணலியின் வாடை திருவொற்றியூர்ப் பக்கம் வரும். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பிவிட்டால் திருவொற்றியூருக்கு நிம்மதி. அதே காற்று மணலியைத் தாண்டி மாதவரத்துப் பக்கம் போகும். கொடுங்கையூரும் மாதவரத்துக்குத் தென்கிழக்கில்தான் இருக்கிறது. ஆகவே காலடிப்பேட்டை ஃபிளாட்டை விடிந்ததும் போய்ப் பாருங்கள். மாதவரம் அபார்ட்மென்ட்டைச் சாயங்காலம் பாருங்கள். புரோக்கர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் கூட்டிப் போவார்கள். அவர்களுக்கு உள்நோக்கம் எதுவும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வாங்க என்று சொன்னாலே போதும், இரண்டு இடத்திலும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். மாடியில் கொஞ்ச நேரம் உட்காரட்டும். பக்கத்து வீட்டில் துணி காயப்போட வரும் அம்மாவிடம் பேசட்டும். எந்த மாதத்தில் நாற்றம் அதிகம், குப்பைமேட்டில் தீப்பிடித்தால் புகை இங்கே வருமா, எல்லாம் அந்த அம்மா சொல்லிவிடுவார்.

கொடுங்கையூரில் பழைய குப்பையைப் பிரித்து நிலத்தை மீட்கும் பயோமைனிங் வேலை நடக்கிறது. கூடவே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைத் திட்டமும் பேசப்படுகிறது, அந்தப் பகுதி மக்கள் அதை எதிர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் பயம் நியாயமானது என்பது என் கருத்து. இருபது வருடம் இஎம்ஐ கட்டி ஒரு வீடு வாங்குகிறவர் இந்தச் செய்தியைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

மாதவரத்தில் உங்களை இழுப்பது மெட்ரோ. இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் மாதவரம் பால் பண்ணையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஒன்று சிறுசேரி சிப்காட் வரைக்கும், இன்னொன்று சோழிங்கநல்லூர் வரைக்கும். வந்தால் பெரிய வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கணவரும் நீங்களும் தினமும் போவது அம்பத்தூருக்கும் பாரிமுனைக்கும். மெட்ரோ வந்தால் விலை ஏறும் என்று வாங்குபவர் முதலீடு செய்கிறார். நீங்கள் குடியிருக்க வாங்குகிறீர்கள். திறக்காத ரயிலை நம்பி மகளுக்குப் பள்ளியை மாற்றிவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெட்ரோ வேண்டுமென்றால் அது காலடிப்பேட்டையில்தான் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டித்த பிறகு அந்தப் பக்கத்து மக்களின் நாளே மாறிவிட்டது. அங்கிருந்து வண்ணாரப்பேட்டை, மண்ணடி தாண்டி உயர்நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் உங்கள் அலுவலகம். மகளும் இப்போதைய பள்ளிக்கே மெட்ரோவில் போய்வரலாம்.

காலடிப்பேட்டையில் சிக்கல் உங்கள் கணவருக்குத்தான். அங்கிருந்து அம்பத்தூருக்கு பைக் என்றால் மணலி, மாதவரம், ரெட்டேரி வழியாகக் கன்டெய்னர் லாரிகளோடு போட்டி போட வேண்டும். அந்தச் சாலையில் தினமும் இருவேளை பைக்கில் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மெட்ரோவில் சென்ட்ரல் போய் ஆவடி ரயில் பிடித்து பட்டரவாக்கத்தில் இறங்குவது நேரம் பிடிக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. இன்னொன்று உப்புக் காற்று. ஃபிளாட்டில் சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் பால்கனிக் கூரையையும் பாருங்கள். சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், புது பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் மறக்கக் கூடாது. அது காலடிப்பேட்டைக்கு வடக்கே தள்ளி இருக்கிறது, இருந்தாலும் அந்தத் திசையில் வீடு வாங்குகிறவர்கள் தெரிந்தே வாங்க வேண்டும்.

மீஞ்சூர் பற்றி உங்கள் கணவரிடம் நேராகவே பேசிவிடுகிறேன். தம்பி, சொந்த மண் வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மண்ணுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் பல பத்து வருடங்களாக உப்பாகிக்கொண்டே வருகிறது. நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சியதால் கடல் நீர் உள்ளே ஏறிய இடங்களில் மீஞ்சூர் முக்கியமானது. போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலுக்கு எக்ஸ்பிரஸும் சரக்கு ரயிலும் போட்டி. மீஞ்சூரிலேயே வேலை இருப்பவர், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை செய்பவர், இவர்களுக்கு அது நல்ல ஊர். உங்கள் அம்மா மாதாமாதம் ஸ்டான்லிக்கு வர வேண்டும். மனைவி தினமும் பாரிமுனைக்கு வர வேண்டும். அவர்கள் இருவரின் கால்வலியில்தான் உங்கள் மண் நிற்கும்.

தனி வீடு ஆசையில் யாராவது மணலி புதுநகர்ப் பக்கம் விலை குறைவு என்று சொன்னால், 2021 நவம்பரில் பூண்டி ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் கொசஸ்தலையாற்றில் பெருகி அங்கே வீடுகளைச் சூழ்ந்ததை நினைவில் வையுங்கள். வடசென்னையில் ஒரு தெருவைப் பார்த்தால், அதன் தண்ணீர் எந்தக் கால்வாய்க்குப் போகிறது என்று கேட்க வேண்டும். ஓட்டேரி நல்லா கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், புழல் உபரிக் கால்வாய், பக்கிங்காம் கால்வாய், பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றுதான் பதிலாக இருக்கும். அந்தக் கால்வாயின் மட்டத்தைவிடத் தெரு எவ்வளவு உயரம் என்பது அடுத்த கேள்வி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருமுனை மளிகைக்கடையில் கேளுங்கள். கடைக்காரர் சுவரில் கை வைத்துக் காட்டுவார்.

இனி பெரம்பூர். நான்கில் நான் முதலில் வைப்பது இதைத்தான். பெரம்பூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஒரே ரயில், பட்டரவாக்கத்தில் இறங்கினால் போதும். உங்களுக்கு, பாரிமுனைக்குப் பக்கத்தில் இருக்கும் பீச் நிலையத்துக்குப் போகும் ரயில்கள் இருக்கின்றன, சென்ட்ரல் போகும் ரயில்களைவிடக் குறைவுதான், நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். அந்த ரயில்கள் வண்ணாரப்பேட்டை வழியாகவே போவதால் ஸ்டான்லியும் மகளின் இப்போதைய பள்ளியும் கை நழுவிப் போகாது. பெரியார் நகரில் 2025-ல் திறந்த பெரியார் அரசு மருத்துவமனையும் பக்கம். பெரம்பூர் ரயில்வே தொழிலாளர்களால் வளர்ந்த ஊர். ஷிஃப்டுக்குப் போய்வருகிறவர்களுக்காக உருவான கடை, மார்க்கெட், மெஸ், டியூஷன் எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். உங்கள் மகள் சைக்கிளில் போகலாம், மாமியார் கீரை வாங்க யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய ஃபிளாட் என்று தயங்காதீர்கள். நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு 2019-ல் விதி மாறும் வரை 1.5 ஆக இருந்தது, இப்போது 2. அதாவது 900 சதுர அடி ஃபிளாட்டுக்கு அப்போது சுமார் 600 சதுர அடி நிலப் பங்கு வரும், இப்போதைய கட்டிடத்தில் சுமார் 450 தான். உங்கள் கணவர் கேட்கும் மண் இங்கேயும் கொஞ்சம் இருக்கிறது. பத்திரத்தில் யுடிஎஸ், அதாவது இந்த நிலப் பங்கு, எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள், வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம்.

பணக் கணக்கில் ஒரு விஷயம். 60 லட்சத்துக்குள் என்கிறீர்கள், அது பத்திரச் செலவையும் சேர்த்தா? பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு வாங்கினால் 5,40,000 ரூபாய் அதற்கே போகும். வங்கி இந்த விலைக்கு அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம் தரலாம். பத்திரச் செலவை அதில் சேர்க்காது. ஆக 17,40,000 ரூபாய் கையில் வேண்டும். மாதவரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் வீடு 45 லட்சத்துக்கு மேல் என்றால் 5 சதவீதம் ஜிஎஸ்டி வரும், பெரம்பூர் பழைய வீட்டுக்கு அது கிடையாது. ஆனால் கட்டிடத்தின் வயதைப் பார்த்து வங்கி கடன் காலத்தைக் குறைக்கலாம், அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, அங்கீகரித்த வரைபடம் மூன்றின் நகலையும் உங்களுக்கு வேண்டிய வழக்கறிஞரிடம் கொடுங்கள், விற்பவர் காட்டும் வழக்கறிஞரிடம் வேண்டாம். பாதாளச் சாக்கடை இணைப்பும் மெட்ரோ வாட்டர் இணைப்பும் இருக்கின்றனவா என்று ரசீதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அந்த ஃபிளாட் எத்தனையாவது மாடி என்று நீங்கள் எழுதவில்லை. 25 வருடக் கட்டிடத்தில் பெரும்பாலும் லிஃப்ட் இருக்காது. மாமியாரைக் கூட்டிப் போய், காய்கறிப் பையோடு ஒரு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் மாடி என்றால் பேசி முடியுங்கள். இரண்டாம் மாடியோ அதற்கு மேலோ என்றால் அதை விட்டுவிட்டு, அதே நான்கைந்து தெருக்களுக்குள் முதல் மாடி வரும்வரை பொறுத்திருங்கள். அப்படி எதுவும் கிடைக்காவிட்டால் காலடிப்பேட்டைக்குப் போங்கள், அங்கே லிஃப்ட் உள்ள கட்டிடமாகப் பாருங்கள்.

வில்லங்கச் சான்று கைக்கு வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்.