கோரி கெளுத்திக் குஞ்சுகள் ஏன் ஒரு வாரத்தில் சாகின்றன?

கேள்வி: எங்கள் வெண்கல நிறக் கோரி மீன்கள் கண்ணாடியில் ஒட்டிய முட்டைகளைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மெத்திலீன் ப்ளூ விட்டேன். நான்காம் நாள் முட்டை பொரிந்து ஏராளமான குஞ்சுகள் வந்தன. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்துக்குள் முக்கால்வாசி செத்துவிட்டன. ஏன்?
– வாசகி, திருவள்ளூர்

பதில்: மஞ்சள் கருவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அது தூளாகப் பிரிந்து அடியில் படிந்து, சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். கோரிக் குஞ்சு வயிற்றைத் தரையில் பதித்தபடியே கிடப்பது. அழுக்குப் படலத்தில் கிடந்தால் மீசை அரித்துத் தேய்ந்துபோகும், வயிற்றில் கிருமி தொற்றும், அம்மோனியாவும் ஏறும். போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. அதில் அம்மோனியாவின் நச்சு இன்னும் கடுமை.

மெத்திலீன் ப்ளூவுக்கும் இதில் பங்கு உண்டு. முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் காக்க அது நல்ல மருந்துதான். வெளிர் நீலமாகத் தெரியும் அளவு போதும். ஆனால் ஃபில்டரில் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாவையும் அது கெடுத்துவிடும். அதனால் பொரிந்ததும் தினம் பாதித் தண்ணீராக மாற்றி நீலத்தைப் போக்குங்கள். பிறகு, பெரிய தொட்டியில் சில வாரங்களாக ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கொண்டுவந்து பொருத்துங்கள். புது ஸ்பாஞ்சில் அந்தப் பாக்டீரியா இருக்காது.

முதல் இரண்டு நாள் தீனியே வேண்டாம். வயிற்றடியில் இருக்கும் மஞ்சள்கருப் பையின் உணவிலேயே குஞ்சு வாழும். அது வற்றியதும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் வகை) அல்லது மைக்ரோ வார்ம் என்ற நுண்புழு, தினம் மூன்று நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் ஆர்ட்டீமியாவைத் தின்றிருக்கிறது என்று பொருள்.

அடியில் மணல், கல் எதுவும் போடாதீர்கள். ஏர் பம்ப் குழாயையே சைபனாக வைத்து, தினம் அடியைத் துடைப்பதுபோல் கால்வாசித் தண்ணீரை வெள்ளை வாளிக்குள் இறக்குங்கள். கொட்டுவதற்கு முன் வாளியைப் பாருங்கள். குஞ்சுகள் கட்டாயம் சில வந்திருக்கும். ஊற்றும் தண்ணீர் குளோரின் நீக்கியதாகவும் தொட்டியின் அதே சூட்டிலும் இருக்கட்டும். அதையும் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக விடுங்கள். இந்த வேலையை ஒரு நாள் தள்ளிப்போடுவதைவிட ஒரு வேளைத் தீனியை விட்டுவிடுவது மேல்.

கேள்வி: ஆர்ட்டீமியா வீட்டில் சரியாகப் பொரிவதில்லை. முட்டை ஓடும் சேர்ந்தே வருகிறது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் அயோடின் சேராத கல் உப்பு, கால் டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை. காற்றுக் குழாய் பாட்டிலின் கழுத்துவரை இறங்க வேண்டும். முட்டை எங்கும் தங்காமல் கொதிப்பதுபோல் சுழல வேண்டும். 27, 28 டிகிரியும் மேலே ஒரு விளக்கும் இருந்தால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரியும். டப்பாவைத் திறந்து ஈரக்காற்றில் வைத்த முட்டை பொரியாது. காற்றுப் புகாத டப்பாவில், ஃபிரிட்ஜில் வையுங்கள்.

எடுக்கும்போது காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுங்கள். வெற்று ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை கழுத்தில் தங்கும். கழுத்துக்குச் சற்று மேலே திரளும் ஆரஞ்சு கூட்டத்தை மட்டும் குழாயால் உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். நன்னீரில் இவை சில மணி நேரமே உயிரோடு இருக்கும். மிச்சத்தை அன்றே சைபனில் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கோடையில் குஞ்சு தொட்டி 32 டிகிரி ஆகிறது. பெரிய தொட்டிக்கு எப்போது மாற்றலாம்?
– வாசகர், வேலூர்

பதில்: வெண்கலக் கோரிக்கு 24–26 டிகிரி இதம். சூடேறினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி வீசினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். திடீர் மாற்றத்தைக் குஞ்சு தாங்காது. தண்ணீர் மட்டத்தை 10–15 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். கோரி மேலே வந்து காற்றை விழுங்கும் மீன் என்பதால் மூடிக்கும் நீருக்கும் இடைவெளி வேண்டும்.

மாற்றுவதை வயதால் முடிவு செய்யாதீர்கள். ஒன்றரை சென்டிமீட்டர் தாண்டி, கீழே விழுந்த தூள் தீனியைத் தானே தேடித் தின்னும்போது மாற்றுங்கள். தேவதை மீன் போன்ற, சிறு மீனைத் தின்னும் சிக்லிட் இன மீன்கள் இருக்கும் தொட்டியானால் இன்னும் வளரட்டும்.